கைக்குட்டையும் நதியும்

1

கூவத்தின் மேல் பஸ் ஏறும்போது பயணிகளிடையே ஒரு சிறு சடங்கு நடக்கும். பேச்சு நின்றுவிடும். ஆண்களின் கை கைக்குட்டைக்கும் பெண்களின் கை முந்தானைக்கும் போகும். பாலம் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். யாரும் யாருக்கும் கற்றுத்தராத இந்தக் காரியத்தை நானும் வருஷக்கணக்காகச் செய்து வந்திருக்கிறேன். அதைப் பற்றி யோசிக்கத் தொடங்கியது ஒரு கண்காட்சிக்குப் போய்விட்டுத் திரும்பும்போதுதான்.

2018 பிப்ரவரியில் சென்னை லலித் கலா அகாதெமி வளாகத்தில் நடந்த கண்காட்சி அது. மாக்ஸ்முல்லர் பவன் முன்னின்று நடத்தியது. நகரத்து ஆறுகளும் தண்ணீரும்தான் விஷயம். கூவத்தின் கரையிலேயே நடத்துவதாகத்தான் முதலில் திட்டம். கடைசியில் ஆற்றைப் பற்றிய கலை, ஆற்றை விட்டு விலகி, காம்பவுண்டுச் சுவருக்குள் நடந்தது. உள்நாட்டுக் கலைஞர்களும் வெளிநாட்டுக் கலைஞர்களும் சேர்ந்து செய்திருந்தார்கள். அக்கறையோடுதான் செய்திருந்தார்கள். நானும் அக்கறையோடுதான் பார்த்தேன். வீடு திரும்பும் வழியில் பஸ் பாலத்தில் ஏறிற்று. என் கை கைக்குட்டைக்குப் போயிற்று. சற்று முன்வரை ஆற்றைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தவன், ஆறு நேரில் வந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன். கலை எனக்குச் செய்தது என்ன?

இதை அந்தக் கண்காட்சியின் தோல்வி என்று எழுதிவிடுவது சுலபம். நான் அப்படி எழுத வரவில்லை. கை என்னுடையது, தோல்வியும் பெரும்பாலும் என்னுடையது. ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. கடந்த சில பத்தாண்டுகளாக உலகின் பல நகரங்களில் ஓவியர்களும் சிற்பிகளும் கட்டிடக் கலைஞர்களும் ஆற்றங்கரைக்குப் போயிருக்கிறார்கள். நகரவாசிக்கும் ஆற்றுக்கும் இடையே அறுந்துபோன உறவை மீண்டும் உண்டாக்குவது தங்கள் நோக்கம் என்கிறார்கள். எனக்கு இந்த வாசகத்தின் முதல் பாதியிலேயே சந்தேகம். உறவு அறுந்துவிட்டதா?

2

சிந்தாதிரிப்பேட்டை கூவத்தின் ஒரு வளைவுக்குள் இருக்கிறது. 1730களில் கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களைக் குடியமர்த்த உண்டாக்கிய ஊர். சின்னத் தறிப் பேட்டைதான் நாக்கில் தேய்ந்து இப்படி ஆயிற்று என்பார்கள். துணி நெய்கிறவனுக்கும் வெளுக்கிறவனுக்கும் ஆறு வேண்டும். பக்கிங்காம் கால்வாயில் படகுகள் உப்பும் விறகும் ஏற்றி வந்தன. இவர்களில் யாரும் தண்ணீரைக் 'காண' கரைக்கு வந்தவர்களில்லை. வேலை அவர்களைத் தண்ணீரோடு கட்டிப்போட்டிருந்தது. நாம் இன்று ஏக்கத்தோடு பேசும் நதி உறவு, அவர்களைப் பொறுத்தவரை, முதுகுவலியும் கூலியும் கலந்த ஒன்று.

அந்த வேலைகள் போய்விட்டன. இப்போது அதே கால்வாயின் மேல் தூண்களை நட்டு, 1990களிலிருந்து பறக்கும் ரயில் ஓடுகிறது. கால்வாய் நமக்குச் செய்யும் உபகாரம் நிலம் கையகப்படுத்தும் செலவு இல்லாமல் தூண் நட இடம் தருவதுதான். ஜன்னலுக்குக் கீழே அது கறுப்பாகக் கிடக்கிறது.

ஆனாலும் உறவு அறுந்துவிடவில்லை. நகரத்தின் சாக்கடையில் ஒரு பகுதி சுத்திகரிக்கப்படாமலே ஆற்றில் கலக்கிறது என்பது ஊரறிந்த சங்கதி. காலையில் கழிப்பறையில் விசையை அழுத்தும் ஒவ்வொருவனும் தன் உடம்பின் வழியாகவே ஆற்றோடு சம்பந்தப்பட்டிருக்கிறான். கங்கையில் முழுகுகிறவனுக்கும் ஆற்றோடு இத்தனை நித்திய சம்பந்தம் கிடையாது. நம்மிடம் இல்லாதது அந்த உறவை ஒப்புக்கொள்ளும் பிரக்ஞை. கைக்குட்டை மறுப்பது நாற்றத்தை என்று நினைத்துக்கொள்கிறோம். அது மறுப்பது, அந்த நாற்றத்தில் எனக்குப் பங்குண்டு என்ற செய்தியை.

இது சரியென்றால் ஆற்றங்கரைக் கலையின் வேலையும் மாறிவிடுகிறது. அது புதிதாக ஒரு பாலம் கட்ட வேண்டியதில்லை. ஏற்கெனவே இருக்கும் குழாயை நம் கண்ணுக்குக் காட்டினால் போதும். அழகு இந்த வேலைக்கு உதவுமா, குறுக்கே நிற்குமா என்பதுதான் என் விசாரம். மூன்று நகரங்களை எடுத்துக்கொள்கிறேன். மூன்றையும் நான் படங்களிலும் அச்சிலும்தான் அறிவேன்.

3

தென் கொரியாவின் சியோல் நகரத்தின் நடுவே சொங்கியெசொன் என்ற ஓடை. கொரியப் போருக்குப் பின் அகதிகளும் ஏழைகளும் அதன் கரைகளில் குடிசை போட்டார்கள். ஓடை சாக்கடை ஆயிற்று. 1958இலிருந்து அதைக் கான்கிரீட்டால் மூடினார்கள். பிறகு அதன் மேல் ஒரு உயர்மட்டச் சாலையைக் கட்டினார்கள். 2003இல் அந்தச் சாலையை இடித்து, மூடியை உடைத்து, 2005 அக்டோபரில் சுமார் 5.8 கிலோமீட்டர் நீள ஓடையை ஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். நகரத்தின் மேயர் இதனால் பெரும்புகழ் பெற்றார். 2008இல் ஜனாதிபதியும் ஆனார். நகர வடிவமைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் எங்கும் இதை உதாரணம் காட்டுகிறார்கள். காட்டட்டும். ஒரு நகரம் தன் நெடுஞ்சாலையைத் தானே இடிப்பது சாமான்யமான காரியமல்ல. கோடையில் அங்கே பாதத்தை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குழந்தைகளின் சந்தோஷம் போலியுமல்ல.

ஆனால் ஓடையில் ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி ஓடையினுடையதல்ல. ஹான் நதியிலிருந்து குழாய் வழியாக நாளொன்றுக்குச் சுமார் 1,20,000 டன் தண்ணீரை ஏற்றிவந்து மேல் முனையில் விடுகிறார்கள். மின்சாரத்தை நிறுத்தினால் ஓடையின் பெரும்பகுதி நின்றுவிடும். அந்த மேல் முனையில், 2006இல், கிளேஸ் ஓல்டன்பர்கும் கூஷெ வான் ப்ருக்கனும் செய்த 20 மீட்டர் உயரச் சங்கு வடிவச் சிற்பம் ஒன்றை நிறுத்தினார்கள். அதன் பெயர் 'ஸ்பிரிங்'. வசந்தம் என்றும் ஊற்று என்றும் பொருள் படும். ஊற்று இல்லாத இடத்தில் ஊற்று என்று பெயர் வைத்த சிற்பம். கலை இதைவிட வெளிப்படையாகத் தன் உத்தியோகத்தை ஒப்புக்கொள்ள முடியாது. குழாயை மறைப்பது அந்த உத்தியோகம்.

மறைக்கப்பட்டது குழாய் மட்டுமல்ல. சாலையின் அடியில் கடை போட்டிருந்த நடைபாதை வியாபாரிகளில் பலரைத் தோங்தேமுன் விளையாட்டரங்கத்துக்குள் அனுப்பினார்கள். சில வருஷங்களில் அந்த அரங்கமும் இடிக்கப்பட்டது. அங்கே ஸஹா ஹதீத் வடிவமைத்த பிரம்மாண்டமான கட்டிடம் ஒன்று 2014இல் எழுந்தது. அதன் பெயரிலேயே வடிவமைப்பு என்ற சொல் இருக்கிறது. இன்னும் பின்னால் போனால், 1960களின் கடைசியில் இந்த ஓடைக்கரை உள்படப் பல இடங்களின் குடிசைவாசிகள் நகரத்துக்கு வெளியே குவாங்ஜு என்ற பகுதியில் கொண்டுபோய் விடப்பட்டார்கள். வேலையும் இல்லை, தண்ணீரும் சரியாக இல்லை. 1971 ஆகஸ்டில் அங்கே பெருங்கலகம் மூண்டது. இன்று ஓடைக்கரையில் நடக்கிறவனுக்குத் தண்ணீர் தெளிவாகத் தெரிகிறது. இவர்கள் யாரும் தெரிவதில்லை. நாற்றம் இல்லாததால் கைக்குட்டைக்கு வேலை இல்லை. ஓடையே இப்போது நகரம் முகத்தில் வைத்துக்கொண்டிருக்கும் கைக்குட்டை.

4

இதற்கு நேர் எதிராக ஒன்று. 1998க்கும் 2001க்கும் இடையில் ஒலாஃபூர் எலியாஸன் என்ற கலைஞர் ஆறு இடங்களில் ஆற்று நீரில் ஒரு சாயத்தைக் கலந்தார். தண்ணீரின் போக்கைக் கண்டறியப் பயன்படும், தீங்கில்லாத சாயம் அது. ஆறு பளீரென்று பச்சையாயிற்று. முன்னறிவிப்பு கிடையாது, கலை என்ற பலகை கிடையாது. 2000இல் ஸ்டாக்ஹோம் நகரத்தின் மத்தியிலும் இதைச் செய்தார். தினமும் பார்த்தும் பாராமலும் கடந்துபோன ஜனங்கள் நின்று பார்த்தார்கள். தண்ணீர் எங்கே சுழல்கிறது, எங்கே வேகம் கொள்கிறது என்பது சாயத்தால் புலப்பட்டது.

இதில் எனக்குப் பிடித்தது அதன் அழகின்மை. அந்தப் பச்சை ரசிக்கும்படியான பச்சை இல்லை, பயமுறுத்தும் பச்சை. நஞ்சோ என்று நினைக்கவைப்பது. ஆனால் இந்த உத்தி கூவத்துக்குச் செல்லாது. ஸ்டாக்ஹோமின் தண்ணீர் தெளிவாக இருப்பதால்தான் பச்சை அங்கே அதிர்ச்சி. கூவம் ஏற்கெனவே நிறம் மாறித்தான் கிடக்கிறது. அதைவிடப் பலமான சாயம் எந்தக் கலைஞனிடமும் இல்லை. நாம் அதற்குப் பழகியும் விட்டோம். அதிர்ச்சியைக் கலையின் ஒரே ஆயுதமாக நம்புகிறவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது: பழக்கத்துக்கு முன் அதிர்ச்சியின் ஆயுள் மிகக் குறைவு.

மூன்றாவது ரோம். 1870 டிசம்பரில் டைபர் நதி பெருகி நகரத்தை மூழ்கடித்தது. அதன் பிறகு, 1876இல் தொடங்கி, கரை நெடுகப் பிரம்மாண்டமான மதில்களை எழுப்பினார்கள். பழைய படகுத் துறைகள் மறைந்தன. யூதர்கள் 300 வருஷங்களுக்கு மேல் அடைக்கப்பட்டிருந்த, அடிக்கடி வெள்ளம் புகுந்த, தாழ்வான கரைப்பகுதியும் இடிபட்டது. அந்தச் சேரிக்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. வெள்ளம் நின்றது, உயிர்கள் பிழைத்தன. அதே மதில்களால் ஆறு நகரத்தின் பார்வையிலிருந்து இறங்கி ஒரு பள்ளத்துக்குள் போய்விட்டது. நல்ல காரியமும் இழப்பும் ஒரே கல்லால் கட்டப்பட்டவை.

அந்த மதிலில், சிஸ்தோ பாலத்துக்கும் மஸ்ஸீனி பாலத்துக்கும் இடையே, தென்னாப்பிரிக்க ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் சுமார் 550 மீட்டர் நீளத்துக்கு ஒரு ஊர்வலத்தை வரைந்தார். 80க்கும் மேற்பட்ட உருவங்கள். சில 10 மீட்டர் உயரம். ரோமின் பிறந்த நாளாகக் கருதப்படும் ஏப்ரல் 21ஆம் தேதி, 2016இல், இசையோடும் நிழலாட்டத்தோடும் அது வெளிப்பட்டது. வெற்றிகளும் புலம்பல்களும் என்று தலைப்பு. பேரரசின் வெற்றி வீரர்களும் இருக்கிறார்கள். டைபர் கடலில் சேரும் ஓஸ்தியாவில் 1975இல் கொலையுண்ட கவிஞர் பாஸோலினியின் சடலமும் இருக்கிறது. படகில் வரும் அகதிகளும் இருக்கிறார்கள்.

வரைந்தார் என்றேன். அது தவறான சொல். அவர் மதிலில் ஒரு சொட்டு வர்ணம் பூசவில்லை. வெட்டிய அச்சுகளை மதிலில் பொருத்தி, அவற்றைச் சுற்றியிருந்த அழுக்கைத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினார். அச்சின் அடியில் தங்கிய அழுக்குதான் உருவம். பல வருஷங்களாகப் படிந்த பாசியும், நகரத்தின் வாகனங்கள் கக்கிய புகையும்தான் அந்த ஊர்வலத்தின் மை. கழுவிய இடத்தில் அழுக்கு மறுபடியும் படியும். படியப் படிய உருவங்கள் பின்னணியில் கரையும். திறந்த நாளிலிருந்தே மங்கத் தொடங்கிவிட்டன. கரித்துண்டால் வரைந்து, அழித்து, அழித்த தடத்தின் மேலேயே மறுபடி வரைந்து படம் எடுத்துப் பேர்பெற்றவர் கென்ட்ரிட்ஜ். இங்கே அழிக்கும் வேலையை நகரத்தின் மூச்சுக்கே விட்டுவிட்டார்.

இந்தப் படைப்பை நான் மற்ற இரண்டுக்கும் மேலாக வைப்பதன் காரணம் தார்மீகமானது, அதனாலேயே கலை சார்ந்ததும்கூட. இது நகரவாசிக்கு அவனுடைய அழுக்கையே பொருளாகக் கொடுக்கிறது. அவன் அதைப் பார்த்து ரசிக்கும்போது தன் புகையைத்தான் ரசிக்கிறான். அது மறையும்போது மறைப்பதும் அவன் புகைதான். ஆற்றோடு உறவு உண்டாக்கித் தருகிறேன் என்ற ஜம்பம் இதில் இல்லை. இருக்கும் உறவின் அழுக்குப் படிவம் இது, பார் என்கிறது. சியோலின் சங்கு மூடிவைத்ததை ரோமின் மதில் திறந்து வைக்கிறது.

5

மறுபடியும் சென்னைக்கு வருகிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து குடும்பங்களைக் காலிசெய்வது வேகம் பிடித்தது. அப்படிப்பட்டவர்கள் சிலர் பாஸ் புத்தகத்தில் முகவரி மாற்ற நான் வேலை செய்யும் கிளைக்கு வந்தார்கள். நாற்பது வயது இருக்கும் ஒரு பெண். பழைய முகவரியில் கரையோரத் தெருவின் பெயர். புதியதில் பிளாக் எண், மாடி எண், கதவு எண். படிவத்தை வாங்கிக்கொண்டே பேச்சுக்குக் கேட்டேன்:

"புது வீடு எப்படிம்மா இருக்கு?"

"நல்லாத்தான் கீது சார். உள்ளயே கக்கூஸ் கீது. வேலைக்கு வரத்தான் ரெண்டு பஸ் மாறணும்."

"ஆத்தாண்ட இருந்தது ஞாபகம் வருமா?"

அவர் சிரித்துவிட்டார். "அத்த யாரு சார் நெனப்பாங்க? கொசுவும் எலியும்." கையெழுத்துப் போட்டார். பிறகு தானாகவே சொன்னார்: "தண்ணி ஏறுதா எறங்குதான்னு தெனம் பாத்துனே இருப்போம் சார். இப்பவும் மழ பேஞ்சா தூக்கம் வர மாட்டேங்குது."

எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்த நேரம். அடுத்தவரைக் கூப்பிட்டேன். அன்று இரவுதான் அந்த வார்த்தை உறைத்தது. ஆற்றங்கரைக் கலைஞர்கள் நமக்குக் கற்றுத்தர இத்தனை பாடுபடும் காரியம் இதுதானே? தண்ணீரைத் தினமும் பார்ப்பது. அதன் ஏற்ற இறக்கம் தன் வாழ்வின் ஏற்ற இறக்கம் என்று அறிந்து பார்ப்பது. அவருக்கு அதை யாரும் கற்றுத்தரவில்லை, பயம் கற்றுத்தந்தது. அந்தப் பயத்தை நான் புனிதப்படுத்த மாட்டேன். கழிப்பறை இல்லாத குடிசையில் காவியம் காண்பது, மேல்மாடியிலிருந்து கூவத்தைப் பார்த்துக் கவிதை எழுதுவதைப் போன்ற இன்னொரு போலித்தனம். உள்ளயே கக்கூஸ் கீது என்று அவர் முதலில் சொன்னதை முதலில்தான் வைக்க வேண்டும். ஆனால் இந்த நகரத்தில் ஆற்றோடு தனக்குள்ள உறவை ஒரு நாளும் மறுக்காதவர்களைத்தான், மறுத்தே பழகிய நாம், கரையிலிருந்து வெளியே அனுப்பியிருக்கிறோம். அனுப்பிவிட்டு, கரை காலியானதும், அங்கே நடைபாதையும் பூங்காவும் கலையும் வைத்து உறவை மீட்கப் போகிறோம்.

இன்னொன்றும் நடந்தது. நகரத்தின் தெற்கே கண்ணகி நகர், ஆற்றோரங்களிலும் மற்ற இடங்களிலும் இருந்த குடிசைகளை அகற்றி 2000இலிருந்து குடியேற்றப்பட்ட இடம். 2020இல் அதன் குடியிருப்புச் சுவர்களில் உள்நாட்டு, வெளிநாட்டு ஓவியர்கள் மாடி உயரத்துக்குச் சித்திரங்கள் தீட்டினார்கள். நல்ல சித்திரங்கள். கண்ணகி நகர் என்றாலே வேலை தரத் தயங்குகிறவர்கள் உள்ள ஊரில், அந்தப் பெயரோடு ஒரு அழகு சேர்வது அங்கே வாழ்கிறவர்களுக்குச் சின்ன விஷயமல்ல. அவர்களுடைய சந்தோஷத்தைக் கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் மறுக்க முடியாது. ஆயினும் இரண்டு சுவர்களையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ரோமின் மதிலில் நகரத்தின் அழுக்கு உருவமாயிற்று. இங்கே சுவர் வர்ணமாயிற்று. அந்தச் சுவருக்குள் ஜனங்கள் வந்த வழி வர்ணத்துக்கு வெளியே நின்றுவிட்டது.

6

என் ஓவிய நண்பர் ஒருவர் இதற்குப் பதில் சொல்வார். "முதலில் ஜனங்களைக் கரைக்குக் கொண்டுவந்து பார்க்க வையுங்கள் சார். பார்த்தால் அக்கறை வரும். அழகில்லாமல் யார் வருவார்கள்?" இதை நான் லேசில் தள்ளிவிடவில்லை. வெறுப்பைவிடப் பார்வை மேல். சியோலில் பாதம் நனைக்கும் குழந்தை, நாளை அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கக்கூடும். ஆனால் கேட்காமலே இருந்துவிடும்படி செய்கிற அழகும் உண்டு. அழகு கேள்வியை எழுப்புகிறதா, அடக்குகிறதா என்பதைப் படைப்புக்குப் படைப்பு நாம் கேட்டுத்தான் ஆக வேண்டும். இது கலைக்கு வெளியேயிருந்து திணிக்கிற அரசியல் நிபந்தனை என்று சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆற்றின் கரையை ஒரு படைப்பு தன் இடமாக எடுத்துக்கொண்ட நிமிஷமே, அந்த இடம் எப்படிக் காலியாயிற்று என்பதும் அதன் பொருளுக்குள் வந்துவிடுகிறது. கென்ட்ரிட்ஜ் மதிலின் அழுக்கைத் தன் பொருளாக ஏற்றுக்கொண்டதைப் போல அதை ஏற்றுக்கொள்ளலாம். ஏற்காவிட்டால் அது பொருளாக இல்லாமல் பொய்யாக உள்ளே இருக்கும்.

கைக்குட்டை விஷயம். இதையெல்லாம் யோசித்த பிறகு பாலத்தில் நான் மூக்கைப் பொத்துவதில்லை என்று எழுதினால் கட்டுரை நன்றாக முடியும். போன வாரமும் பொத்தினேன். ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பித் தண்ணீரைப் பார்த்தேன். ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் யாரையாவது கேட்கலாம் என்று பார்த்தேன். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.